பெரம்பூரில் திறக்கவிருக்கும் விலங்கு கஃபே குறித்துக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெரம்பூரில் தையற்கடை நடத்தும் பெண்
(பெயர், முகவரி, கைப்பேசி எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்)

பெறுநர்:
உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை,
சென்னை.

நகல்: மண்டல அலுவலர், மண்டலம் 6 (திரு.வி.க. நகர்), பெருநகர சென்னை மாநகராட்சி.

பொருள்: எங்கள் தெருவில் வெளிநாட்டுக் காட்டு விலங்குகளை வைத்துத் திறக்கவிருக்கும் கஃபேவை நேரில் ஆய்வு செய்யவும், அதற்கு அனுமதி தராமல் தடுக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் பெரம்பூரில் இருபது வருடமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு எதிரே, முன்பு பாத்திரக்கடை இருந்த கட்டடத்தின் முதல் மாடியில் இப்போது இரவு பகலாக வேலை நடக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் வாசலில் பேனர் கட்டினார்கள். அதில் கீரி போன்ற மீர்கேட், ஃபென்னெக் நரி, பெரிய பல்லி போன்ற இகுவானா, மக்காவ் கிளி, மலைப்பாம்பு என்று வரிசையாகப் படங்கள். ஒரு மணி நேரத்துக்குத் தலைக்கு 499 ரூபாய், காபி இலவசம், தொட்டுப் பார்க்கலாம், மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. தீபாவளிக்கு முன் திறப்பு விழாவாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தினமும் அந்தப் பேனருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

இதைப் போன்ற ஓர் இடத்துக்குள் நான் காசு கொடுத்துப் போய் வந்திருக்கிறேன். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

தாய்லாந்துக்கு விசா இல்லாமல் போகலாம் என்று ஆன பிறகு, சீட்டு எடுத்த பணத்தில் நானும் கணவரும் மகளும் பாங்காக் போனோம். நான்கு இரவு, ஐந்து பகல் சுற்றுலா. மூன்றாம் நாள் எங்களுக்கு ஓய்வு விட்டார்கள். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், விலங்கு என்றால் உயிர். விலங்கு கஃபே ஒன்று இருக்கிறது, கூட்டிப் போங்கள் என்று கேட்டாள். சரி என்று போனோம். செருப்பைக் கழற்றி, பையை லாக்கரில் வைத்து, கையைக் கழுவச் சொல்லி, ஆளுக்கு ஒரு ஜூஸ் கொடுத்து உள்ளே விட்டார்கள். இடம் சுத்தமாகத்தான் இருந்தது. வேலை செய்த பெண்களும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். யாரும் எதையும் அடிக்கவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும்.

ஒரு மெத்தையில் ஃபென்னெக் நரி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பூனைக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. காது இரண்டும் முகத்தைவிடப் பெரியவை. சகாரா மணலில் பகலெல்லாம் வளைக்குள் தூங்கி, இருட்டிய பிறகு எழுந்து, மண்ணுக்கடியில் பூச்சி நகரும் சத்தத்தைக் கேட்டுப் பிடிப்பதற்கான காது அது. அந்த அறையில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தூங்கிய நரியைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். அது கண்ணைத் திறந்தது, மறுபடி மூடியது. அதன் நெஞ்சு துடித்த வேகம் என் கைக்குத் தெரிந்தது. நான் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்து வந்த குடும்பத்துக்காக அதை என் மடியிலிருந்து எடுத்துப் போனார்கள். நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் அதை ஏழு பேர் மடியில் வைத்தார்கள்.

மீர்கேட்டுகளை ஒரு தடுப்புக்குள் விட்டிருந்தார்கள். அதில் ஒன்று எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரோரம் டைல்ஸ் தரையை இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தும், எழுந்து நின்று சுற்றிப் பார்க்கும், மறுபடி அதே மூலையில் தோண்டும். ஆப்பிரிக்காவின் தெற்கில், கலஹாரிப் பகுதியில் கூட்டமாக வளை தோண்டி வாழும் பிராணி அது. டைல்ஸில் எதைத் தோண்ட முடியும்? “அது எங்கம்மா போகப் பார்க்குது?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஓட்டலுக்குத் திரும்பும் வழியில் அவள் பேசவே இல்லை. அன்று எடுத்த படங்களை ஊருக்கு வந்த பிறகு நான் யாருக்கும் அனுப்பவில்லை.

எதிர் மாடியில் டைல்ஸ் ஒட்டும் சத்தம் இப்போது என் கடை வரை கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் அந்த மீர்கேட்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஐயா, நாய் பூனை இருக்கும் கஃபேவை நான் குறை சொல்லவில்லை. 1998இல் தைவானின் தைப்பேயில் பூனைகளை வைத்துத்தான் இந்தக் கஃபே வழக்கமே தொடங்கியது என்கிறார்கள். பூனையும் நாயும் ஆயிரக்கணக்கான வருடமாக மனிதனோடு சோறு தின்று வாழ்ந்தவை. எங்கள் தெருவில் கைவிடப்பட்ட குட்டிகளை வைத்து, வளர்க்க விரும்புகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக யாராவது அப்படி ஓர் இடம் திறந்தால் முதல் ஆளாக நானே போவேன். நரியும் மீர்கேட்டும் மலைப்பாம்பும் அப்படி அல்ல. கூண்டில் பிறந்தாலும் அவற்றின் உடம்பு காட்டுக்கான உடம்புதான்.

பேனரில் இருக்கும் விலங்குகள் எங்கிருந்து வரப் போகின்றன என்பது என் அடுத்த கவலை. நாங்கள் குடும்பமாகப் போய் வந்த அதே பாங்காக் விமானங்களில் பெட்டிக்குள் உயிரோடு எத்தனை பிராணிகள் சென்னைக்கு வருகின்றன என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 பிப்ரவரியில் பிறந்து ஒரு மாதமே ஆன சிறுத்தைக் குட்டியைப் பயணி ஒருவரின் பையிலிருந்து சுங்கத்துறையினர் மீட்டு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். 2023 ஜனவரியில் யாரும் எடுக்காமல் விட்டுப்போன பெட்டிகளில் 45 பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புகளும், மார்மோசெட் குரங்குகளும், நட்சத்திர ஆமைகளும் இருந்தன. இவை பிடிபட்டவை. பிடிபடாமல் வெளியே வந்தவற்றுக்கு நகரத்துக்குள் ஒரு வாசல் வேண்டும். கஃபே அந்த வாசலாக ஆகிவிடக் கூடாது. எங்கள் தெருவில் திறக்கப் போகிறவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு விலங்குக்கும் காகிதம் இருக்கிறதா என்று அரசு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவர் சட்டத்தை எனக்குப் புரியும்படி விளக்கினார். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் திருத்தம் செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை நான்காம் அட்டவணையில் சேர்த்து, அவற்றை வைத்திருப்பவர்கள் 49எம் பிரிவின்படி பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கை மாறினாலும் குட்டி போட்டாலும் தெரிவிக்க வேண்டும். பேனரில் உள்ள ஃபென்னெக் நரி, இகுவானா, மக்காவ் இந்தப் பட்டியலில் வருகின்றன. மலைப்பாம்பு எந்த வகையாக இருந்தாலும் வருகிறது.

ஆனால் மீர்கேட் அந்தப் பட்டியலில் இல்லை. இதுபோன்ற கஃபேக்களில் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் விட்டுக் காட்டுகிறார்களே, அணில் அளவுள்ள சுகர் கிளைடர், அதுவும் இல்லை. ஆக, அதிகம் தூக்கிக் கொஞ்சப்படும் பிராணிகள்தான் பதிவுக்கு வெளியே நிற்கின்றன. “எங்கள் பட்டியலில் இல்லை” என்று ஓர் அலுவலகமும், “விலங்கு விஷயம் எங்களுடையது இல்லை” என்று இன்னோர் அலுவலகமும் சொல்லிவிட்டால், நடுவில் கடை திறந்துவிடும். அப்படி நடக்காமல் இருக்கத்தான் தங்களுக்கே மனு எழுதி மாநகராட்சிக்கும் நகல் அனுப்புகிறேன்.

இன்னொன்றையும் மனதில் பட்டபடி சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவர் ஒன்பது வருடம் ஒரு பச்சைக்கிளி வளர்த்தார். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம் என்று தெரிந்ததும், அவரே கூண்டோடு கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு அழுதுகொண்டே வந்தார். சட்டம் சரியானதுதான், கிளி பறக்க வேண்டியதுதான் என்று நாங்கள் எல்லோரும் அவருக்குச் சொன்னோம். இப்போது அவர் வீட்டுக்கு எதிரே மக்காவ் படம் போட்ட பேனர் தொங்குகிறது. “இதை மட்டும் வைக்கலாமா?” என்று என்னிடம் கேட்கிறார்.

என் அப்பா ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவரை மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போவார்களாம். எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ், இதற்கு உயிர் காலேஜ் என்று பேர். இடம் போதவில்லை, சுற்றிலும் நகரத்தின் சத்தமும் புகையும் என்றுதான் அந்த விலங்குகளை அங்கிருந்து எடுத்து, 1985இல் வண்டலூரில் ஏறத்தாழ 510 ஹெக்டேரில் புதிய பூங்காவைத் திறந்தார்கள். பார்க் டவுனில் இருந்த அத்தனை பெரிய தோட்டமே போதாது என்று நாற்பது வருடத்துக்கு முன் முடிவு செய்த ஊர் இது. பாத்திரக்கடை மாடி எப்படிப் போதும்?

மழைக்காலத்தையும் தாங்கள் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்று நாள் கரண்ட் இல்லை. என் கடையில் தையல் மெஷின்கள் முழுகின. பால் பாக்கெட்டுக்கே படகு பார்த்துக் காத்திருந்தோம். அப்படி ஒரு மூன்று நாளில், ஏசி நின்றுபோன பூட்டிய மாடிக்குள் அந்தப் பிராணிகளுக்கு யார் தீனி கொண்டு போவார்கள்? ஜன்னலைத் திறந்துவிட்டால்கூட அவற்றுக்குப் போக இடம் இல்லை. வட சென்னையில் இது எப்போதோ ஒருமுறை வரும் ஆபத்து இல்லை, ஐப்பசி பிறந்தாலே எங்களுக்கு வரும் பயம்.

பிள்ளைகளின் உடம்பும் இருக்கிறது. பாம்பு, இகுவானா போன்றவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கும், பார்த்தால் தெரியாது. தொட்ட கையோடு கேக் எடுத்து வாயில் வைப்பார்கள். பாலூட்டி கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட ஓட வேண்டும்.

தென் கொரியாவில் ரக்கூன் கஃபே, மீர்கேட் கஃபே என்று ஏராளமாக இருந்தன. அந்த நாடு சட்டத்தைத் திருத்தி, 2023 டிசம்பர் 14 முதல் மிருகக்காட்சிசாலை, மீன் காட்சியகம் அல்லாத இடங்களில் காட்டு விலங்குகளைக் காட்சிக்கு வைப்பதைத் தடை செய்தது. ஏற்கெனவே நடத்திவந்தவர்கள் முறைப்படி தெரிவித்திருந்தால் 2027 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பரவிய பிறகு மூடுவதற்கு அவர்களுக்கு இத்தனை வருடம் பிடிக்கிறது. நம் பக்கம் இப்போதுதான் வரத் தொடங்குகிறது. முளையிலேயே கிள்ளினால் விலங்குக்கும் நல்லது, பணம் போட்டு ஏமாறப் போகிறவர்களுக்கும் நல்லது.

எனவே, திறப்பு விழாவுக்கு முன்பே தங்கள் அலுவலர்கள் அந்த இடத்தை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு விலங்கும் எங்கே வாங்கப்பட்டது, இறக்குமதி உரிமமும் பதிவுச் சான்றும் உண்டா என்று பார்க்க வேண்டும். கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்கு விலங்குகளைக் காட்டும் இந்த இடம் சட்டப்படி மிருகக்காட்சிசாலை ஆகுமா, ஆகும் என்றால் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைத் தாங்கள் எழுத்து மூலம் தெளிவுபடுத்த வேண்டும். ஆய்வின்போது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வன விலங்கு தெரிந்த மருத்துவர் ஒருவரையும் அழைத்து வந்தால் நல்லது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வர அரை மணி நேரம்கூட ஆகாது. வனத்துறையின் பதில் வரும்வரை மாநகராட்சி தொழில் உரிமம் தரக் கூடாது. பட்டியலில் இல்லாத மீர்கேட், சுகர் கிளைடர் போன்றவற்றையும் கஃபேக்களில் வைக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசே ஓர் ஆணை போடும்படி தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். ஏற்கெனவே விலங்குகள் வந்து இறங்கியிருந்தால், தயவுசெய்து அவற்றைத் தெருவில் விடும் நிலை வராமல், முறையாகப் பராமரிக்கும் இடத்தில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக எங்கள் பிள்ளைகளுக்காக ஒன்று கேட்கிறேன். அவர்கள் அந்தப் பேனரைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. பக்கத்தில் போய் ஒரு விலங்கைப் பார்க்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. பழவேற்காடு எங்களிடமிருந்து 50, 60 கிலோமீட்டர்தான். குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் ஏரியில் நிற்கும். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை. வடசென்னை மாநகராட்சிப் பள்ளி மாணவர்களை வருடத்துக்கு ஒருமுறை பழவேற்காட்டுக்கோ வண்டலூருக்கோ வனத்துறையே வேன் வைத்துக் கூட்டிப் போனால், 499 ரூபாய் இல்லாத வீட்டுப் பிள்ளையும் பார்க்கும்.

தெருவாசிகள் 43 பேர் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என் கடை அந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். எந்த நாள் வந்தாலும் நானே கூட வந்து இடத்தைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பெரம்பூர், சென்னை.

இணைப்பு: பேனரின் புகைப்படங்கள் 3, தெருவாசிகள் கையொப்பத் தாள்கள் 2, மனுதாரர் விவரத் தாள் 1.