ஒரு பிற்பகலில் எருசலேமை எடைபோடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த புனித நாட்டுப் பயணக் கட்டுரையில், எருசலேமில் கடைத்தெருவைத்தான் கண்டேன், கடவுளைக் காணவில்லை என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த நாள்முதல் என் மனம் ஆறவில்லை. ஒரே பிற்பகலில் பழைய நகரைச் சுற்றிவிட்டுப் பேருந்து ஏறியதாகக் கட்டுரையாளரே எழுதியிருக்கிறார்; அந்தப் பிற்பகலை வைத்து மூன்று சமயத்தார் புனிதமாகப் போற்றும் ஒரு நகருக்குத் தீர்ப்பு எழுதலாமா? யூதரின் பாஸ்கா விழாவுக்கு வந்த கூட்டத்தால் நகரம் நெரிந்த நாட்களில்தான் ஆண்டவர் இயேசு சிலுவை சுமந்தார் என்பதும், அவரை அறைந்த இடம் நகருக்கு அருகில் இருந்ததால் சிலுவைமேல் எழுதியிருந்ததைப் பலரும் வாசித்தார்கள் என்பதும் யோவான் நற்செய்தியிலேயே இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். சந்தடிக்கு நடுவே நடந்ததைச் சந்தடிக்கு நடுவேதானே தேட வேண்டும்?

நானும் என் தாயாரை அழைத்துக்கொண்டு ஒரு பயண நிறுவனத்தின் குழுவில்தான் போனேன். பழைய நகரில், ஆண்டவரை அடக்கம் செய்த இடமாகப் போற்றப்படும் திருக்கல்லறை ஆலயத்துக்குள் நுழைந்ததும், ஆண்டவரின் உடலுக்குத் தைலம் பூசியதாக நம்பப்படும் கல் தரையோடு கிடக்கிறது. அம்மா அதன்முன் மண்டியிட்டு, சேலைத் தலைப்பால் கல்லை ஒற்றி ஒற்றிக் கண்களில் வைத்துக்கொண்டிருந்தபோது, வழிகாட்டி கைதட்டி "நேரமாகிவிட்டது" என்று கூப்பிட்டார். கல்லறைக்கான வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். உள்ளே ஒரு நிமிடம்கூட நிற்கவிடவில்லை. அன்று மாலை என்னைக் கேட்டிருந்தால், உங்கள் கட்டுரையாளர் எழுதியதையே நானும் சொல்லியிருப்பேன்.

மறுநாள் விடிவதற்கு வெகு முன்பே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குப் போகும் அதே கடைத்தெரு வழியாக நடந்தேன். கடைகள் அடைத்துக் கிடந்தன. ஆலயக் கதவின் சிறு திறப்பு வழியாக உள்ளிருந்து ஓர் ஏணி வெளியே வந்தது. வெளியே காத்திருந்தவர் அதில் ஏறி மேல்பூட்டைத் திறந்தார். கிரேக்கர், அர்மீனியர், கத்தோலிக்கர், காப்டியர், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபையினர் வழிபடும் அந்த ஆலயத்தின் சாவியையும் கதவையும் பல நூற்றாண்டுகளாகக் காத்துவருபவை இரண்டு முஸ்லிம் குடும்பங்கள். உள்ளே, ஹெலேனா சிற்றாலயத்துக்கு இறங்கும் படிக்கட்டுச் சுவரெங்கும் சிறு சிறு சிலுவைகள் செதுக்கியிருக்கின்றன. அம்மா அவற்றில் ஒன்றை விரலால் தடவியபடி வெகுநேரம் நின்றார். அன்று எங்களை யாரும் கைதட்டிக் கூப்பிடவில்லை.

அதே கட்டுரையில் யோர்தான் ஆற்றை வெறும் வாய்க்கால் என்று எழுதியிருந்ததும் வருத்தம் தந்தது. இஸ்ரயேல் 1964இல் முடித்த தேசிய நீர்த்திட்டம் அந்த ஆறு பாய்ந்து வரும் கலிலேயக் கடல் என்னும் ஏரியின் நீரைப் பல ஆண்டுகளாகத் திருப்பிக்கொண்டு போனது. யோர்தானில் வந்து கலக்கும் யார்முக் ஆற்றின் நீரைச் சிரியாவும் ஜோர்தானும் எடுத்துக்கொள்கின்றன. மூன்று நாடுகள் இறைத்ததுபோக எஞ்சியதைப் பார்த்துவிட்டு ஆற்றைக் குறை சொல்வது என்ன நியாயம்?

பழைய மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பொரு கிறிஸ்துமஸ் இதழில், பொன்னிறக் கூரையோடு மின்னும் பாறைக் குவிமாடத்தின் படத்தை வெளியிட்டு, அடியில் "சாலமோன் கட்டிய ஆலயம்" என்று அச்சிட்டிருந்தீர்கள். அது 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலீஃபா அப்துல் மாலிக் எழுப்பிய இஸ்லாமியத் திருத்தலம். சாலமோனின் ஆலயமோ கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே பாபிலோனியரால் அழிக்கப்பட்டுவிட்டது. அப்போதே கடிதம் எழுதினேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. ஒலிவ மலையில், ஆண்டவர் கற்பித்த செபத்தைப் பல மொழிகளில் பதித்திருக்கும் ஆலயத்தில் தமிழ்ப் பலகையும் இருக்கிறது. அதன்முன் நின்று அம்மா உரக்கப் படித்ததைக் கேட்டவள் நான். எங்களைப் போன்றோர் ஆயுள் சேமிப்பைச் செலவிட்டுப் போகும் இடத்தைப் பற்றி இவ்வளவு அலட்சியமாகவா அச்சிடுவது?

நான் கேட்பது இரண்டே வரிகள். அந்தப் படக்குறிப்புக்கு அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இனிப் புனித நாட்டுக் கட்டுரை வரும்போது, எழுதியவர் அங்கே எத்தனை நாள் தங்கினார் என்பதை அடியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி