அந்த இரண்டு மணிகளைத் தேட வேண்டாம்

அன்புள்ள செல்விக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். கல்யாணம் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. பினாங்கிலிருந்து நீ அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் இன்னும் "மன்னித்துவிடுங்கள்" என்றே தொடங்குகிறது. போனில் பேசினால் அழுதுவிடுகிறாய், நான் சொல்ல வந்ததும் பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன்னைப் போல் மணிமாலையை அழகுக்குப் போட்டுக்கொள்ளும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

மாலை அறுந்தது உன்னால் அல்ல. அது பௌத்தர்கள் ஜபம் எண்ண உருட்டும் 108 மணி மாலை, 2018 இல் நான் ஓய்வு பெற்றபோது மருந்துக் கடைச் சீன அக்கா கொடுத்தது. நூலை அவ்வப்போது மாற்று என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் ஒருமுறைகூட மாற்றவில்லை. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் ஊறி, பருத்தி நூல் கறுத்து இற்றுப்போயிருந்தது. நீ அரக்குச் சேலைக்கு எடுப்பாக இருக்கிறதென்று போட்டாய், குழந்தையைத் தூக்கக் குனிந்தாய், அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, கழிப்பறையில் அழுதுகொண்டிருந்தாய். பிள்ளைகள் பந்தி மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து மணிகளைப் பொறுக்கினார்கள். ஒன்று தவில் உறைக்குள் கிடந்தது. எண்ணிப் பார்த்து, "பாட்டி, சரியாக 108!" என்று கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார்கள். எனக்கு நிம்மதி. நம் ஊர் பீடோங்குக்கு வந்து, வீட்டு விளக்கில் தட்டில் கொட்டினால், அதில் இரண்டு வெந்த கொண்டைக்கடலை! உன் பெரியப்பா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

பிள்ளைகள் ஏமாந்ததில் வியப்பில்லை. வாங்கும்போது தந்த நிறத்தில் இருந்த மணிகள், கை பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வந்துவிட்டன. ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார். உடம்பெல்லாம் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். நடுவே வட்டமாக ஒரு குழி. புள்ளிகள் விண்மீன், குழி நிலா. அதனால் சீனர்கள் இதை விண்மீன்-நிலாப் போதி என்கிறார்கள். பெயரில்தான் போதி. போதி என்பது அரச மரம், அதன் விதை கடுகைவிடப் பொடியானது, அதில் எங்கே துளை போடுவது? இது பிரம்பின் விதை. தோட்டப் பள்ளியில் வாய்ப்பாடு தப்பினால் என் உள்ளங்கையைச் சிவக்க வைத்த அதே ரோத்தான் (மலாயில் பிரம்பு) குடும்பம்! இன்று அது என்னை எண்ண மட்டும் சொல்கிறது, அடிப்பதில்லை.

எண்ணுவது எப்படி என்று கேட்டிருந்தாய். சீன அக்கா அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லித்தான் மணிகளை உருட்டுவார். ஹொக்கியன் சீனத்தில் அது என் வாயில் நுழையவில்லை. "பரவாயில்லை, மூச்சை எண்ணு, பெலான்-பெலான்" என்றார், மலாயில் மெதுவாக என்று. மாலை ஆட்காட்டி விரலில் தொங்கும். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்ததும் கட்டைவிரலால் ஒரு மணியை இழுக்க வேண்டும். குஞ்சம் கட்டிய பெரிய மணி வந்தால் தாண்டக் கூடாது, திரும்பிவிட வேண்டும். நம் ருத்ராட்ச மாலையில் மேரு என்னும் தலைமணியைத் தாண்டாத அதே வழக்கம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆகும். முதல் மாதம் முப்பதாவது மணிக்குள் நான் மீன் சந்தைக்குப் போய்விடுவேன். விரலில் மணி உறுத்தும்போதுதான் திரும்பி வருவேன்.

108 என்பது மன மாசுகளின் கணக்கு என்பார்கள். ஜப்பானில் ஆண்டின் கடைசி இரவில் கோயில் மணியை 108 முறை அடிப்பதும் அதற்காகவே. எனக்குப் பிடித்தது திபெத்தியர் கணக்கு. மாலை முழுவதும் உருட்டினாலும் நூறு என்றே வைத்துக்கொள்வார்கள். மீதி எட்டு, கவனம் சிதறியதற்கும் சொல் தடுக்கியதற்கும் ஈடு. என்னிடம் இப்போது 106 இருக்கின்றன. தவறுக்கென்று இன்னும் ஆறு மிச்சம். பினாங்கு ஆயர் ஈத்தாம் புத்தர் கோயில் கடையில் புதிது வாங்கித் தருகிறேன் என்றாயே, வேண்டாம்.

உன் மாமா பந்தியில் வைத்தே, "சீனர் சாமி மாலையைக் கல்யாணத்துக்குப் போடலாமா? அதுதான் அறுந்தது" என்றாராம். அவரிடம் சொல். நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பியவர்கள் கடாரம் என்று அன்று பெயர் பெற்ற நம் கெடாவை ஆண்ட மன்னர்கள். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவன் ராஜராஜ சோழன். ராஜராஜனுக்கு உறுத்தாதது அவருக்கு உறுத்துகிறது! பழைய கடாரத்தின் சின்னங்கள் இருக்கும் மெர்போக் அருங்காட்சியகம் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ஒருநாள் அழைத்துப் போ.

அழகுக்குப் போடுவது தவறா என்று கேட்டால், எனக்குத் தவறாகத் தெரியவில்லை. எண்ணி முடித்த மாலையைத் துறவிகளும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறார்கள். பணம் கொட்டும், திருஷ்டி கழியும் என்று சொல்லி விற்கிறார்களே, அவர்களிடம்தான் எனக்குக் கோபம். நீ போட்டுக்கொள், நான்கு சுற்றாகக் கையில் சுற்றினால் இன்னும் எடுப்பாக இருக்கும். குளிக்கும்போது கழற்றிவிடு. வாசனைத் திரவியம் அடித்தால் காய்ந்த பிறகு போடு. தினமும் வேண்டுமென்றால் 18 மணிக் கைவளையம் வாங்கிக்கொள், வேலையிடத்தில் எதிலும் மாட்டாது.

சனிக்கிழமை வா. சுங்கைப் பட்டாணியில் இறங்கும்போது மெழுகு பூசிய நூல் ஒரு கண்டு வாங்கி வா, கறுப்பு வேண்டாம், பழுப்பு. மணிகளைத் துடைத்துத் தட்டில் வைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண் தெரிவதில்லை.

அன்புடன்,
பெரியம்மா