சாப்பிட்டேன் என்று சொன்ன பொய்

அன்பு மகளுக்கு,

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். கேட்ட கேள்விக்கு மட்டும் வட்ஸ்அப்பில் பதில் வருகிறது, அதுவும் ஒரு சொல்லில். அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைக்கிறாய், "அப்பாவிட்டைக் குடுக்கவோ" என்று அவள் கேட்டால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. நியாயம்தான். கண் கிளினிக்குக்காகக் கொழும்புக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னது நான். அம்மாவையும் தம்பியையும் அப்படியே சொல்ல வைத்ததும் நான். ஒப்பரேசன் முடிந்து மூன்றாம் நாள் தம்பி மனம் கேளாமல் படத்தை அனுப்பியபிறகுதான் உனக்கு விசயம் தெரியும். ரெலிபோனில் துண்டு துண்டாகச் சொன்னால் நான் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் முதலில் இருந்து எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

பொய் கண் கிளினிக்கில் தொடங்கவில்லை. நீ எடுத்தவுடன் கேட்பது "அப்பா சாப்பிட்டீங்களோ" என்றுதான். "ஓம் பிள்ளை, சாப்பிட்டாச்சு" என்று இந்த இரண்டு வருடத்தில் நான் சொன்னதில் பாதிக்கு மேல் பொய். முதலில் நின்றது புட்டு. நெஞ்சுக்கு நடுவில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு இடத்தில், கவளம் போய் நின்றுவிடும். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் அதற்கு மேல் நிற்கும். அவசரமாக விழுங்கிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு பாண், பிறகு சோறு, கடைசியில் வெறும் தேத்தண்ணீரே நின்றது. சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பிக் கிணற்றடிக்குப் போய், வாழைக்குப் பின்னால் குனிந்து நின்று எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு, வாயைக் கொப்புளித்துக்கொண்டு வந்து திரும்பவும் கோப்பைக்கு முன்னால் இருப்பேன். அம்மா கோப்பையைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். தன் கையில் ருசி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கறியை மாற்றி மாற்றிச் சமைத்திருக்கிறாள், ஒரு நாள் நண்டு, ஒரு நாள் கணவாய், ஒரு நாள் உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. அதை நினைத்தால் இன்னும் என் மனம் ஆறவில்லை.

கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். அந்தியேட்டி வீட்டில் பந்தியில் இருத்திவிடுவார்கள் என்று பயந்து, முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். இரவில் படுத்தால் சாப்பிட்டது திரும்பி வந்து தலையணை நனையும், இருமி இருமி எழும்பி இருப்பேன். 67 கிலோ இருந்த நான் 52க்கு வந்தேன். வீடியோவில் நீ "ஏன் அப்பா கன்னம் ஒட்டியிருக்கு" என்று கேட்டபோது, காலையில் நடக்கிறேன் அதுதான் என்றேன். அதுவும் பொய்.

இங்கே ஒரு டொக்டரிடம் காட்டினேன், காஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை தந்தார். ஒரு வருடம் போட்டேன். நெஞ்சு நோவுக்கு ஈசிஜி எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொருவர், வயதில் இளையவர், உன் வயதுதான் இருக்கும், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, வெளியில வாற சோறு புளிக்குதோ?" இல்லை. சாப்பிட்டது சாப்பிட்டபடியே வருகிறது. அப்படியென்றால் அது இரைப்பைக்கே போகவில்லை, போயிருந்தால் அமிலம் பட்டுப் புளித்திருக்கும். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

அவர்தான் கொழும்புக்குக் கடிதம் தந்தார். அங்கே கமரா விட்டுப் பார்த்தபோது புற்றுநோய் இல்லை என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்வரை நானும் அம்மாவும் அதை ஒருவருக்கொருவர் வாயால் சொன்னதில்லை. பேரியம் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் களம், அதுதான் சாப்பாடு இறங்கும் உணவுக்குழாய், மேலே பை மாதிரி விரிந்து, கீழே வர வர ஒடுங்கி, குருவிச் சொண்டு போலக் கூராக முடிந்திருந்தது. பிறகு மூக்கால் ஒரு மெல்லிய குழாயை விட்டு, பத்துத் தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி அமுக்கம் அளந்தார்கள். வருத்தத்தின் பெயர் அக்கலேசியா. தளராமல் இருப்பது என்று கிரேக்கத்தில் பொருளாம்.

நீயும் என் வகுப்பில் இருந்தவள், அதனால் சொல்கிறேன். களத்தின் சுவரில் இருக்கும் நரம்புக்கலங்கள் செத்துப்போகின்றன. ஏன் என்று உறுதியாக ஒருவருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குப் புதிதாக வருகிறதாம். அந்த நரம்பு போனால் இரண்டு வேலை நின்றுவிடும். சாப்பாட்டைக் கீழே தள்ளும் சுற்றுச்சுருக்கசைவு இல்லை, இரைப்பை வாசலில் இருக்கும் இறுக்கித் தசையும் திறக்காது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் தண்ணீர் இரைப்பைக்குப் போகும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்திருப்பேன்! இப்போது நேராக இருந்தும் எனக்குப் போகவில்லை.

இவ்வளவையும் ஏன் உனக்கு மறைத்தேன் என்றுதான் நீ கேட்கிறாய். தூரத்தில் இருந்து துடிப்பாய், பிள்ளைகளையும் வேலையையும் விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழுக் காரணம் அது இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, அந்த மழையில், சண்டையால் ஊரை விட்டு, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தால் ஒரு அடி எடுத்து வைக்கப் பத்து நிமிடம் காத்து நின்று தென்மராட்சிக்குப் போனோமே, உனக்கு அப்போது ஆறு வயது, நினைவிருக்கும். என் பையில் ஒரு பைக்கற் பிஸ்கற் இருந்தது. உனக்கும் தம்பிக்கும் தந்தபோது "அப்பா, நீங்கள்?" என்று கேட்டாய். "நான் சாப்பிட்டிட்டன்" என்றேன். நீ நம்பினாய். அன்றைக்கு அது தேவையாக இருந்தது. அதற்குப் பிறகு சாப்பாடு பற்றி நீ என்ன கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அந்தப் பதில்தான். நீ இப்போது ஆறு வயதுப் பிள்ளை இல்லை என்பது எனக்கு இவ்வளவு காலம் விளங்கவில்லை. மன்னித்துக்கொள் பிள்ளை.

சரி, ஒப்பரேசனுக்கு வருகிறேன். வாயால் கமராவை விட்டு உள்ளிருந்தே தசையை வெட்டுகிற முறையைப் பற்றி, விசயம் தெரிந்தபிறகு நீ தம்பிக்கு அனுப்பியிருந்தாய், 2008இல் யப்பானில் முதலில் செய்தது. டொக்டரிடம் அவன் கேட்டான். அதுவும் நல்ல முறைதானாம், ஆனால் பிறகு அமிலம் மேலே வருவது அதில் கூடவாம். பலூன் விட்டு விரிப்பதும் உண்டு, சிலருக்குத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டி வரும். எனக்கு அவர் தெரிவு செய்தது ஹெல்லர் என்ற ஜேர்மன்காரர் 1913இல் தொடங்கிய சத்திரசிகிச்சை, இப்போது சிறு துளைகளால் செய்கிறார்கள். களத்தில் 6 சென்ரிமீற்றர், இரைப்பைப் பக்கம் 2 சென்ரிமீற்றர், தசையை மட்டும் நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைக் காயப்படுத்தாமல் விடவேண்டும். பிறகு இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து வெட்டின இடத்தின் மேல் போர்த்தித் தைத்துவிடுவார்கள், அமிலம் ஏறாமல் இருக்க. தொடங்கி முடிய இரண்டரை மணித்தியாலம். எழும்பியபோது வயிற்றைவிட வலது தோள்மூட்டுத்தான் நொந்தது, பயந்துவிட்டேன். வயிற்றுக்குள் நிரப்பிய காபனீரொட்சைட்டின் வேலையாம், இரண்டு நாளில் போய்விட்டது.

அடுத்த நாள் மருந்துத் தண்ணீர் குடிக்கவைத்துப் படம் எடுத்து, ஓட்டை ஒன்றும் இல்லை என்று பார்த்தபிறகு, தாதி ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் தந்தா. ஒரு மிடறு குடித்தேன். நிற்கவில்லை. அந்தக் குளிர் நெஞ்சைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்குவது தெரிந்தது. அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போயிட்டுது" என்றேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள், எனக்கும் தாங்கவில்லை. உன்னை அப்போதே கூப்பிட்டிருக்கவேண்டும். கூப்பிடாததுதான் நான் செய்த பெரிய பிழை.

முதல் கிழமை வெள்ளவத்தையில் தம்பி வீட்டில் இளநீர், வடித்த சூப், கஞ்சித்தண்ணீர், அவ்வளவுதான். பிறகு குழையவைத்த சோறும் பருப்பும் பூசணிக்காயும் மசித்து. யாழ்ப்பாணம் வந்தபிறகு அம்மா பொறுப்பெடுத்தாள். விளைமீனை அவித்து முள் பார்த்து, ஒரு தரம் இல்லை மூன்று தரம் பார்த்து, மிளகுச் சொதியில் உதிர்த்துப் போடுவாள். இடியப்பத்தைப் பால்சொதியில் பத்து நிமிடம் ஊறவைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, இப்படி ஒரு சாப்பாட்டைக் கண்டுபிடித்தவர்களைக் கும்பிடவேண்டும். ஐந்தாம் கிழமை ஒடியல் கூழ் கேட்டேன். கொச்சிக்காய் குறைத்து, நண்டையும் பலாக்கொட்டையையும் அவித்துச் சாறு மட்டும் எடுத்து வைத்துத் தந்தாள். பனையோலைப் பிளாவில் குடிக்க ஆசையாக இருந்தது, ஆனால் கோப்பையில்தான், ஒவ்வொரு கரண்டியாக. பாண் இன்னும் தொடவில்லை. இறைச்சி இப்போதைக்கு இல்லை. சோடா இல்லை. கனமானதும் தூக்கக்கூடாது, காஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டுப் பெடியன்தான் மாற்றித் தருகிறான்.

வருகிறவர்கள் எல்லாரும் நெஸ்டமோல்ட் பேணியோடு வருகிறார்கள். "அப்ப இனிமேல் சுகம்தானே" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஓம் என்கிறேன். உனக்கு உள்ளதைச் சொல்கிறேன். செத்த நரம்பு திரும்பி வராது. வாசலைத்தான் திறந்துவிட்டிருக்கிறார்கள், தள்ளுகிற வேலையை இனிப் புவியீர்ப்புத்தான் செய்யவேண்டும். அதனால் நிமிர்ந்து இருந்து, நன்றாக மென்று, இடையிடையே சுடுதண்ணீர் குடித்து, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கிறேன். இரவுச் சாப்பாடு ஆறரைக்கு முதல் முடிந்துவிடும், மூன்று மணித்தியாலம் போகாமல் படுப்பதில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்தியிருக்கிறது. சில இரவுகளில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, எழும்பித் தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் விடும். அமிலத்துக்குக் குளிசை போடுகிறேன். இந்த வருத்தம் உள்ளவர்களுக்குப் பல வருடம் கழித்துக் களத்தில் புற்றுநோய் வரும் சாத்தியம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட, ஆகவே இடைக்கிடை கமரா விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதை அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு நிறுத்துப் பார்த்தபோது 55 கிலோ.

நீ டிக்கெட் பார்ப்பதாகத் தம்பி சொன்னான். முந்தியென்றால் "ஏன் பிள்ளை வீண் செலவு" என்று சொல்லியிருப்பேன். வா. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் வா, திருவிழா 25 நாளும் நில். பின்வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நல்லாகக் காய்த்திருக்கிறது, நீ வரும்வரை மரத்தில் நிற்காது, ஆனால் அம்மா சாறு எடுத்துப் பிரிட்ஜில் வைப்பதாகச் சொல்கிறாள்.

இன்று மத்தியானம் குழையல் சோறு நாலு கரண்டி, பருப்பு, கீரை கடைந்தது, மீன் சொதி. மூன்றாவது கரண்டியில் ஒருக்கால் நின்றது, எழும்பவில்லை, இரண்டு மிடறு சுடுதண்ணீர் குடித்தேன், போய்விட்டது. மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தேன். எங்களுக்கு இரவு ஏழு மணியென்றால் உனக்குக் காலை ஒன்பதரை, அந்த நேரம் நான் கதிரையில் நிமிர்ந்துதான் இருப்பேன், ரெலிபோன் பக்கத்தில் இருக்கும்.

அன்புடன்
அப்பா