சிந்தியில் எது வீடு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிந்தி மொழிபெயர்ப்புக் கதையில் ‘கர்’, ‘ஓத்தாக்’ இரண்டையுமே ‘வீடு’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் வழியாக வரும் கதைகளில் வழக்கமாக நேரும் குளறுபடிதான்.

குடும்பம் புழங்கும் வீடு ‘கர்’. சமஸ்கிருத ‘கிருஹ’த்துக்குப் பிராகிருதத்தில் ‘கிஹ’, ‘கர’ என இரு வடிவங்கள் உண்டு. கடைசி ஹகாரம் முன்னே போய்க் ககரத்தோடு ஒட்டிக்கொண்டதால் இரண்டாவது பிறந்தது என்பார்கள். வெப்பத்தைக் குறிக்கும் வேறொரு வேரைக் காட்டுவோரும் உண்டு. சிந்தி எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவதை. நம் கிரகப் பிரவேசத்தில் இருப்பது மூல வடிவம்.

‘தங்கம்’ என்பதில் வரும் ககரத்தை மூச்சு சேர்த்துச் சொன்னால் ‘கர்’ரின் முதலெழுத்து சரியாக வரும். சொல்லின் கடைசியில் மிகக் குறுகிய ஓர் உகரம் இருக்கிறது, ‘வீடு’ என்பதன் குற்றியலுகரம் போல. பன்மையிலும் வேற்றுமை உருபுக்கு முன்னும் அது அகரமாக மாறும். அரபு வழி வந்த சிந்தி எழுத்தில் இந்தக் குற்றுயிர்களை வழக்கமாகக் குறிப்பதில்லை. அதனால் உருது தெரிந்தவர்கள் உகரத்தை விழுங்கிப் படித்துவிடுகிறார்கள். தமிழில் ‘கரு’ என்று அச்சிட்டால் உகரமும் நீண்டுவிடும், பொருளும் கெடும். ‘கர்’ என்றே போட்டு அடிக்குறிப்பு தருவது மேல்.

ஓத்தாக் வேறு வகை. ‘ஒதாக்’ என்ற துருக்கியச் சொல்லின் வழி வந்தது. பாரசீகத்தில் ‘ஒத்தாக்’ என்றால் அறை, இன்றைய துருக்கியின் ‘ஒதா’வும் அறைதான். சிந்துக் கிராமங்களில் அது ஆண்கள் கூடும் விருந்தினர் இடம். குடும்பம் இருக்கும் பகுதியிலிருந்து ஒதுங்கி நிற்கும். கயிற்றுக் கட்டில்கள் கிடக்கும். வழிப்போக்கர் தங்குவதும் ஊர் வழக்கு பேசி முடிப்பதும் அங்கேதான். வீட்டுப் பெண்கள் பொதுவாக அங்கே வருவதில்லை. நம் திண்ணையையும் சாவடியையும் சேர்த்துத் தனிக் கட்டடமாக்கியது போல. ஒற்றைத் தமிழ்ச் சொல் தேடாமல் ‘ஓத்தாக்’ என்றே விடுவதுதான் சரி என்பேன்.

கிராமத்தைக் குறிக்கும் ‘கோட்’டின் மூலம் ‘கோஷ்ட’, அதாவது மாட்டுத் தொழு. (நம் அரசியல் ‘கோஷ்டி’யும் அந்தத் தொழுவிலிருந்து வந்ததுதான்!) அதன் முதலெழுத்து ‘கர்’ரில் வருவது அல்ல, காற்றை உள்ளிழுத்து ஒலிக்க வேண்டிய ககரம். சிந்தியில் இப்படி நான்கு உள்வாங்கும் மெய்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாக ஒலித்தால் சிந்திக்காரர் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

மாடி வீட்டுக்கு அவர்கள் சொல்வது ‘மாடீ’. அகராதிகள் அதைத் திராவிட ‘மாடம்’ என்பதோடு தொடர்புபடுத்துகின்றன.

கதைக்கு வருவோம். நள்ளிரவில் அந்நியர் மூவர் கேட்காமலே நுழைந்து கட்டிலில் படுக்கிறார்கள், யாரும் திடுக்கிடவில்லை. ‘வீடு’ என்று படித்தால் அந்தக் காட்சி விளங்காது. அடுத்த பகுதியிலாவது அந்த இடத்தை ஓத்தாக் என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

— வாசகர், மதுரை