ஓங்கி அறைந்தால் உயரம் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கண்ணை மூடி மாட்டி மெய்நிகர் உலகைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டோடு விளையாடிய பிள்ளை சுவரில் கையை இடித்துக்கொண்டால், கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதே பல வீடுகளில் தீர்ப்பாகிறது. அடிபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தவறாகப் பழகிய கைவீச்சு. அதைத் திருத்த முடியும்.

சிறுவர்கள் விரும்பி ஆடும், கொரில்லாவாக மாறி ஓடிப் பிடிக்கும் வி.ஆர். விளையாட்டான ‘கொரில்லா டேக்’கையே எடுத்துக்கொள்வோம். அனதர் ஆக்சியம் நிறுவனம் 2021இல் வெளியிட்டது. நடக்கப் பொத்தான் இல்லை, கொரில்லாவுக்குக் காலும் இல்லை. கையால் தரையை உந்தினால்தான் உடல் நகரும்.

வேகமாக ஓங்கி அறைந்தால் உயரத் தாவலாம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். இந்த நகர்வு முறையின் நிரலை நிறுவனமே, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் வைத்திருக்கிறது. கை தரையைத் தொட்டிருக்கையில், கடைசிச் சில ஃபிரேம்களில் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில்) உடல் நகர்ந்த வேகத்தின் சராசரி ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டினால், அது தாவலாகிறது. தாவும் வேகத்துக்கு உச்சவரம்பும் உண்டு. அதை எட்டிய பிறகு எவ்வளவு ஓங்கினாலும் ஒரு சாண் கூடாது, மணிக்கட்டுதான் வலிக்கும்.

ஆகவே அறையக் கூடாது, உந்த வேண்டும். இரு கைகளையும் தோள் அகலத்தில், உடலுக்குச் சற்று முன்னால் ஊன்றி, ஒரே சீராக அழுத்தி, வேகம் குறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். கடைசியில் ஒரு கணம் நிறுத்தினாலும் சராசரி விழுந்துவிடும், தாவல் வராது. உயரம் வேண்டுமானால் நேர் கீழே, தூரம் வேண்டுமானால் கீழும் பின்னுமாக உந்தலாம். கை இடுப்பைத் தாண்டி முதுகுப் பக்கம் போனால் ஹெட்செட்டின் கேமராக்களுக்குத் தெரியாமல் போகும். நிஜத் தரை வரை குனிய வேண்டியதே இல்லை. கொரில்லாவின் உடல் குட்டை என்பதால், நின்றபடி கையை இறக்கினாலே விளையாட்டின் தரை தட்டுப்படும்.

மரமேறுவது வேறு வித்தை. அடிமரத்தின் இரு பக்கமும் கையை வைத்து உள்நோக்கி அழுத்தி, ஒரு கையைக் கீழே இழுக்கும்போதே மறு கையை மேலே கொண்டுபோக வேண்டும். ஒற்றைச் சுவரில் இது பலிக்காது. அங்கே சுவரை நேராகத் தள்ளினால் உடல் விலகி விழும். கையைச் சுவருக்குள் சற்று அழுந்த வைத்துக் கீழ்நோக்கியே இழுக்க வேண்டும். பனிக்கட்டி போன்ற வழுக்கும் பரப்பில் பிடி நிற்காது. வழி மாறுவதே மேல்.

அறையில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் வேண்டும். நம் வீடுகளில் பெரிய ஆபத்து மின்விசிறி. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரோடு கையை முழுதாக உயர்த்திப் பார்த்து, இறக்கைக்குத் தாராளமாக இடைவெளி இல்லாவிட்டால் விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆடும் இடத்துக்கு ஹெட்செட்டில் எல்லைக்கோடு போடும்போது அது விசிறியைக் கண்டுகொள்ளாது. பீரோக் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள், பிரதிபலிப்பால் கையின் இடம் தவறிப் பதிவாகும். கன்ட்ரோலரின் மணிக்கட்டு வாரை இறுக்குங்கள். உட்கார்ந்து ஆடினால் கைப்பிடியில்லாத நாற்காலி போதும்.

உடல் நிற்க, கண் மட்டும் ஓடுவதால் சிலருக்குக் குமட்டும். முதல் அறிகுறியிலேயே கழற்றச் சொல்லுங்கள். திரும்புவதற்குக் கன்ட்ரோலரில் உள்ள குச்சியைத் தள்ளாமல் உடலையே திருப்பினால் குமட்டல் குறையும். குவெஸ்ட் ஹெட்செட்டைத் தயாரிக்கும் மெட்டா நிறுவனத்தின் விதிப்படி 10 வயதுக்குக் குறைந்தவர்கள் அந்தக் கருவியை அணியவே கூடாது. 10 முதல் 12 வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு தேவை.

இப்படிக்கு,
வாசகர், மதுரை