எல்லாமே கிருமிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் பன்றிக்காய்ச்சலுக்கான புதுவகை ‘ஃபேஜ்’ தடுப்பூசி பற்றி எழுதியிருந்தீர்கள். ‘செலுத்தப்படும் கிருமி, பன்றியிடம் உள்ள கிருமியைத் தின்றுவிடும்’ என்று அதில் ஒரு வரி. எந்தக் கிருமி எந்தக் கிருமியைத் தின்னும் ஐயா?

தாங்கள் அறியாததல்ல. ஃபேஜ் என்பது பாக்டீரியாவைப் பிடிக்கும் வைரஸ். பன்றிக்காய்ச்சல் வைரஸை அது சீண்டக்கூடச் சீண்டாது. நோய் வைரஸின் புரதத் துண்டு ஒன்றை ஃபேஜின் மேலுறையில் ஏற்றி உள்ளே அனுப்புகிறார்கள். அந்தத் துண்டைப் பார்த்துப் பன்றியின் உடம்பு எதிர்ப்பு சக்தியைத் தயார் செய்துகொள்கிறது. ஃபேஜ் வெறும் சுமைதூக்கி. பன்றியின் செல்லில் அதனால் பெருகவும் முடியாது. ஃபேஜ்மேல் புரதத்தை ஏற்றலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்மித் 1985லேயே காட்டிவிட்டார். 2018ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். நம் இதழுக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரவில்லை.

திங்கட்கிழமை காலை, புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் ஒருவர் கேட்கிறார்: “அண்ணே, இனிமே பன்றிக்குக் கிருமி ஊசி போட்டுத்தான் அனுப்புவாங்களாமே?” இன்னும் ஆய்வில் இருக்கிற ஊசிக்கு இந்தப் பெயர்!

பெயர் மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 1999ல் நான் இறைச்சிக்கூடத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மலேசியாவில் பன்றிகளிடமிருந்து மனிதருக்குப் பரவிய ஒரு நோயை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து முதலில் கொசுவைத்தான் விரட்டினார்கள். அது நிப்பா என்ற வேறொரு வைரஸ். அங்கே நூறு பேருக்குமேல் போய்விட்டார்கள். இங்கே சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். ஒரு மாதம் முழுக்க என் மனைவி என் சட்டைகளைத் தனி வாளியில் ஊறவைத்தாள். வாளியின் நிறம்கூட நினைவிருக்கிறது, பச்சை.

2023 ஏப்ரலில் இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து வந்த பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டபோதும் இதே கதைதான். அது மனிதருக்கு வராது. அதை நீங்கள் எந்த மூலையில் போட்டீர்களோ, என் கண்ணாடிக்கு எட்டவில்லை. சர்க்கரை நோய்க் கட்டுரையில் மில்லிகிராம் மைக்ரோகிராம் ஆனதற்கும் எழுதினேன். பதில் இல்லை. சரி, உங்களுக்கு ஆயிரம் வேலை.

ஆனால் என் பேத்தி கேட்டதற்கு என்ன சொல்வது? “வைரஸ், பாக்டீரியா ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே சொல்லா தாத்தா?” என்றாள். நான் விளக்க வாயெடுப்பதற்குள், இங்கிலீஷிலேயே படித்துக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். இடமில்லையென்றால் ராசிபலனில் என் விருச்சிகத்தை எடுத்துவிடுங்கள். அதில் வாராவாரம் ‘பொறுமை தேவை’ என்றுதான் வருகிறது.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகர், யீஷூன்