இரண்டு மைல் வித்தியாசம்

ஹரோ, லண்டன்
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. மகளுக்குக் கலியாணம் சரிவந்த செய்தியை எழுதியும் பதில் போடாமல் இருக்கிறானே என்று நினைத்திருப்பாய். கோபிக்காதே. இந்த ஒரு மாதமும் நான் வேறொரு கடிதத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். வாசல் கதவு ஓட்டைக்குள்ளால் தபால் விழுகிற சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்கென்றது. கடையில் நிற்கிற நாளில் மனிசிக்குப் போன் எடுத்து, "மண்ணிற உறை ஏதும் வந்ததா?" என்று கேட்பேன். அவளுக்கு முதலில் விசயம் தெரியாது. ஐந்தாம் நாள்தான் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஆறாம் நாள் நினைத்தேன்.

நடந்தது இதுதான். லெஸ்டரில் மனிசியின் பெரியம்மா செத்து, அவவின் அந்தியேட்டிக் கிரியை. மத்தியானச் சாப்பாட்டோடு வெளிக்கிட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நம்முடைய ஆட்கள் விடுவார்களா? தேத்தண்ணி, பிறகு பார்சல், பார்சலுக்குள் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பதா வேண்டாமா என்று ஒரு வழக்கு, பிறகு வாசலில் நின்று இன்னும் ஒரு மணித்தியாலக் கதை. காரை எடுக்கும்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. எனக்கு விடிய நாலு மணிக்கு எழும்பிக் கடை திறக்கவேண்டும்.

லெஸ்டரிலிருந்து லண்டனுக்கு எம்1 மோட்டர்வேயால் நேரே வந்துவிடலாம். மோட்டர்வேயில் 70 மைல் வரை போகலாம், உங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 113 கிலோமீற்றர். 1959இல் இந்த எம்1 திறந்தபோது வேகக் கட்டுப்பாடே இல்லையாம். 1965 கடைசியில் பரீட்சார்த்தமாக 70 கொண்டுவந்து, 67இல் நிரந்தரமாக்கினார்கள். ஆனால் லூட்டன் பக்கத்தில் அந்த 70உம் நிச்சயமில்லை. ரோட்டுக்கு மேலே குறுக்காக இரும்புப் பாலங்கள். அவற்றில் ஒவ்வொரு லேனுக்கும் ஒரு விளக்குப் பலகை. முன்னால் நெரிசல், விபத்து என்றால் 60, 50, 40 என்று இலக்கம் எரியும். இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தால் அது புத்திமதி இல்லை, சட்டம். அன்றைக்கு 50 எரிந்தது.

எனக்கு முன்னால் ஒரு வாகனமும் இல்லை. பின்னாலும் இல்லை. மனிசி பார்சலை மடியில் வைத்தபடி நித்திரை. யாரோ பகல் போட்ட இலக்கத்தை நிற்பாட்ட மறந்துபோனார்கள் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு பாலம் தாண்டினேன், இரண்டாவதும் தாண்டினேன். மூன்றாவதைத் தாண்டும்போது பின்கண்ணாடியில் பளிச் பளிச்சென்று கமராவின் இரண்டு வெளிச்சம். குனிந்து வேக முள்ளைப் பார்த்தேன். 78.

ஒன்றரை மைல் போயிருக்கமாட்டேன், ஒரு லொறி ரயர் வெடித்து ஓரத்து லேனில் நிற்கிறது. மஞ்சள் சட்டைக்காரர் இரண்டுபேர் அதைச் சுற்றி நடக்கிறார்கள். பலகைக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

50இல் 78 போனால் என்ன வரப்போகிறது என்று கேட்பாய். அதற்கு என் பழைய சரித்திரம் தெரியவேண்டும். இரண்டரை வருசத்துக்கு முதல் வீட்டுக்குக் கிட்ட 30 மைல் ரோட்டில் 36 போய்ப் பிடிபட்டேன். அதற்கு லைசென்சில் குற்றப் புள்ளி போடாமல் வகுப்புக்கு விட்டார்கள். காசு கட்டி, கம்பியூட்டருக்கு முன்னால் மூன்று மணித்தியாலம் பாடம் கேட்கவேண்டும். 70 மைலில் போகிற கார் பிறேக் போட்டு நிற்க 96 மீற்றர் வேண்டும் என்று அங்கேதான் படித்தேன். நீ பள்ளிக்கூட மைதானத்தில் ஓடி முதலாவதாக வந்தாயே, கிட்டத்தட்ட அந்தத் தூரம். அந்த வகுப்பு மூன்று வருசத்துக்கு ஒருமுறைதான். அடுத்தது ஒரு 20 மைல் ரோட்டில் 27 போய் மூன்று புள்ளி. பிறகு சிவப்பு லைற்றில் இன்னொரு மூன்று. மொத்தம் ஆறு. இந்த நாட்டில் மூன்று வருசத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லையென்றால் விடியக் காலமை மொத்த வியாபாரக் கடைக்கு வான் எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை. சாமான் இல்லாத கடையில் நான் யாருக்கு வணக்கம் சொல்வது?

இரவு இரவாக இருந்து கணக்குப் பார்த்தேன். 50 மைல் கட்டுப்பாட்டில் 75 வரை என்றால் பெரும்பாலும் 100 பவுண் தண்டமும் மூன்று புள்ளியும், வீட்டிலிருந்தே கட்டிவிடலாம். 76 தொட்டால் கோட்டுக்கு இழுப்பார்கள். அங்கே ஆறு புள்ளி, இல்லாவிட்டால் சில வாரத் தடை. தண்டமும் ஒரு கிழமைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். என்னிடம் இருக்கிற ஆறோடு இன்னொரு ஆறு சேர்ந்தால் 12. ஆக, என் கடை அந்த ஒரு மைலில் தொங்குகிறது. முள்ளோ 78 காட்டியது.

மகன்தான் கொஞ்சம் தெம்பு தந்தான். காரின் முள் உள்ள வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுவது இங்கே சட்டப்படி கூடாதாம், கூட்டிக் காட்டலாமாம். அதனால் கம்பனிக்காரர் எல்லாரும் இரண்டு மூன்று மைல் கூட்டித்தான் விடுகிறார்களாம். அடுத்த நாள் அவன் போனில் வேகம் பார்க்கிற ஒன்றைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்க, நான் ஓட்டினேன். முள்ளில் 60, போனில் 56 அல்லது 57. அப்படியென்றால் அந்த 78 உண்மையில் 74 ஆக இருக்கலாம். 75 ஆகவும் இருக்கலாம். "76 ஆகவும் இருக்கலாம்" என்று மனிசி அடுப்படியிலிருந்து சொன்னாள்.

அப்புறம் 14 நாள் கணக்கு. குற்றம் நடந்து 14 நாளுக்குள் வாகனச் சொந்தக்காரனுக்கு நோட்டீஸ் வந்து சேரவேண்டும், பிந்தினால் பொதுவாக வழக்குப் போட முடியாது. கலண்டரில் பென்சிலால் புள்ளடி போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாம் நாள், எட்டாம் நாள்... கமராவில் மெமரி நிரம்பியிருக்கும், இலக்கத் தகட்டில் சேறு இருந்தது, இப்படியெல்லாம் யோசித்தேன். சேறு இருக்கவில்லை. அந்தியேட்டிக்குப் போவதற்காக முதல் நாள்தான் கழுவியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் வந்தது. உறையைக் கிழிக்காமல் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன், சிரிக்காதே. கார் இலக்கம், இடம், நேரம் எல்லாம் சரி. வேகம்: 74.

மச்சான், ஒரு குற்றப் பத்திரத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட்ட மனிசன் நானாகத்தான் இருப்பேன். மனிசி பாயசம் வைக்கட்டுமா என்று நக்கலாகக் கேட்டாள்.

சந்தோசம் அன்று பின்னேரம் வரைதான். அந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் வரும். அதில் கேட்பது ஒன்றுதான், அந்த நேரம் காரை ஓட்டியது யார்? 28 நாளுக்குள் எழுதி அனுப்பவேண்டும், அனுப்பாவிட்டால் அதற்கே தனியாக ஆறு புள்ளி. மனிசியின் தம்பி பின்னேரம் வந்தான். படிவத்தைப் பார்த்தான். "அத்தான், அக்காவின் லைசென்சில் ஒரு புள்ளியும் இல்லை. அக்கா பக்கத்தில்தானே இருந்தா. அவவின் பெயரைப் போடுங்கோ. உங்களுக்கு ஒன்றும் இல்லை." தேத்தண்ணி குடித்துக்கொண்டு, ஏதோ கூப்பன் அட்டையில் பெயர் மாற்றுகிற மாதிரிச் சொல்கிறான். மனிசியும் பேசாமல் நின்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பொய் சொல்லமாட்டேன், அந்த இரவு நான் யோசித்தேன். ஒன்பது புள்ளியோடு இருப்பது எப்படி என்று உனக்கு விளங்காது. இன்னொரு சின்னப் பிழை விட்டால் 12. இன்சூரன்ஸ்காரன் வேறு கேட்பான். மூன்று புள்ளி என்பது இங்கே நாலு வருசம் லைசென்சில் எழுதியிருக்கும்.

இங்கே கிறிஸ் ஹியூன் என்று ஒரு மந்திரி இருந்தார். 2003இல் அவர் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர். விமான நிலையத்திலிருந்து வரும்போது எம்11இல் கமராவில் மாட்டினார். புள்ளியை மனைவி விக்கி பிறைஸ் தன் பெயரில் எடுத்துக்கொண்டா. மனைவி லேசுப்பட்ட ஆள் இல்லை, பெரிய பொருளியல் நிபுணர். ஏழு வருசம் ஒருவருக்கும் தெரியாது. பிறகு குடும்பம் பிரிந்தது, கதை வெளியில் வந்தது. 2012இல் மந்திரிப் பதவி போனது. 2013 மார்ச்சில் இரண்டு பேருக்கும் எட்டெட்டு மாதச் சிறை. வேகமாகப் போனதற்கு இல்லை, படிவத்தில் பெயர் மாற்றியதற்கு. அந்த நேரம் நான் கடையில் பேப்பர் அடுக்கும்போது இரண்டு பேரின் படமும் முதல் பக்கத்தில் கிடந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதைச் சொன்னதும் மைத்துனன், "அவங்கள் பெரிய ஆட்கள், எங்களை யார் பார்க்கிறது?" என்றான்.

ஆனால் அந்த மந்திரியின் ஞாபகத்தைவிட எனக்கு அன்றிரவு உன் ஞாபகம்தான் கூட வந்தது. நல்லூர்த் தேர் முடிந்த இரவு. உன் சைக்கிளை நான் ஓட்ட, நீ பாரில் இருந்தாய். லைற் இல்லை, டைனமோ உடைந்து ஒரு மாதம். கோண்டாவில் திரும்புகிற இடத்தில் பொலிஸ்காரர் ரோர்ச் அடித்தார். இரண்டு சில்லுக்கும் காற்றைத் திறந்துவிட்டுக் கேட்டாரே, "ஆர் ஓட்டினது?" எனக்கு வாய் திறக்கவில்லை. அப்பா அறிந்தால் தோலை உரிப்பார். நீ, "நான்தான் ஐயா, சைக்கிளும் என்ர" என்றாய். உன் பெயரை எழுதினார். உன் அப்பா லீவு போட்டுக்கொண்டு உன்னோடு கோட்டுக்கு வந்து தண்டம் கட்டினார். வரும் வழியில் உனக்கு ஒரு அடியும் அடிக்கவில்லை, ஒரு கிழமை கதைக்கவும் இல்லை என்று நீ பிறகு சொன்னாய். அதற்குப் பிறகு நான் எத்தனை தரம் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பேன்! மண்ணெண்ணெயில் ஓடிய அந்த மொறிஸ் மைனரில் எத்தனை தரம் அவர் என்னை ஆஸ்பத்திரிச் சந்தியில் இறக்கிவிட்டிருப்பார்! "ஐயா, அன்றைக்கு ஓட்டினது நான்" என்று ஒருநாளும் வாய் வரவில்லை. அவருடைய செத்தவீட்டுக்கும் என்னால் வர முடியவில்லை.

அடுத்த நாள் விடிய, கடை திறக்க முதலே, நீல மையால் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். கை நடுங்கியதால் எழுத்து அவ்வளவு நேராக வரவில்லை. தபாற் கந்தோரில் அனுப்பினதற்கான துண்டும் கேட்டு வாங்கினேன். கிடைக்கவில்லை என்று நாளைக்குச் சொன்னால் காட்டவேண்டுமே. இனி 100 பவுண் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். கட்டுவேன். மைத்துனன் இரண்டு கிழமையாக வரவில்லை, வருவான்.

நீ கொடிகாமத்தில் மோட்டார் சைக்கிளில் பிடிபட்டதை எழுதியிருந்தாய். தண்டச் சீட்டைத் தபாற் கந்தோரில் கட்டி, பொலிசில் லைசென்சைத் திருப்பி எடுத்ததோடு முடிந்தது என்று. எனக்கு அதை வாசிக்கப் பொறாமையாக இருந்தது. இங்கே ஒருவர் முகம் ஒருவர் பார்ப்பதில்லை. கெஞ்சுவதற்கும் ஆள் இல்லை, ஏசுவதற்கும் ஆள் இல்லை.

மனிசி இப்போது மோட்டர்வேயில் நித்திரை கொள்வதில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் "அறுபது, அறுபது, ஐம்பது" என்று பஸ் கொண்டக்டர் மாதிரிச் சொல்லிக்கொண்டு வருகிறாள். ஆத்திரம் வந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை.

கலியாணத்துக்கு இரண்டு பேரும் வருகிறோம். தை கடைசியில் டிக்கெற் பார்க்கிறேன், கடையை மகன் பார்ப்பான். மருமகனுக்கு என்ன சைஸ் சேட் என்று எழுது, நகை விசயம் மனிசி அக்காவோடு போனில் கதைப்பாள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நீ வான் கொண்டுவருவதாக எழுதியிருந்தாய். வா. ஆனால் நான் ஓட்டமாட்டேன். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் முதலில் உன் அம்மாவிடம்தான் வருவேன். அந்த நல்லூர்ச் சைக்கிள் கதையை அவவுக்காவது சொல்லவேண்டும். நீ முந்திச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
பாரில் ஏறத் தெரியாமல் எப்போதும் சீற்றில் இருந்த உன் நண்பன்